நில்லாது ஓடும் மடிக்கணினி

(நமது வாலிபர் சங்க ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இத்தகைய மேடைகளிலே மொழியின் பெருமையையும் கலையின் சிறப்பையும் எடுத்துரைக்கத் தக்க அறிஞர் பலர் நம்மிடையே உளர். சிறியேனாகிய நான் சிறியதொரு பொருளையே பேசத் துணிந்தேன். மடிக்கணினியை மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் நிறுத்தாமல் ஓடவிடலாமா என்பதே அப்பொருள். பொருள் சிறிதாயினும் அதன் பின்னே நிற்கும் செல்வம் சிறிதன்று. உடப்பிலும் முந்தலிலும் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் ஒரு மாணவன் கையிலே மடிக்கணினி இருக்கிறதென்றால், அநேகமாக ஒரு தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றிருக்கிறது என்று பொருள். 2022ஆம் ஆண்டில் நமது ரூபாய் வீழ்ந்தது. டொலர் ஒன்றுக்கு இருநூறு ரூபாயளவில் இருந்த விலை சில வாரங்களில் முந்நூற்று அறுபதை எட்டியது. கடல் கடந்து வரும் இத்தகைய பொருள்கள் அன்றுதொட்டு எளியவர் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டன. ஆகவே கையிலிருக்கும் ஒன்றை நீண்ட காலம் காப்பாற்றுவது நமக்கு விளையாட்டல்ல; குடும்பப் பொறுப்பாகும்.

இவ்விடயத்தில் நமது வீடுகளிலே இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று பெரியவர்கள் கட்சி. "இரவு பகலாக ஓடுகிறதே, தீப்பிடித்துவிடும், நிற்பாட்டு தம்பி" என்பர் அவர்கள். மற்றது இளைஞர் கட்சி. "இந்தக் காலத்து யந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது அம்மா, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்பர் இவர்கள். இரு கட்சியிலும் உண்மை உண்டு. இரு கட்சியிலும் குறையும் உண்டு. எந்த உண்மை எங்கே நிற்கிறது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு கேள்வி. "நெடுநேரம்" என்கிறோமே, அது எவ்வளவு நேரம்? இக்கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லத் தவறியதனால் மனித உயிர்கள் பலியான வரலாறு ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலே பேற்றியட் என்னும் ஏவுகணைத் தடுப்புத் தொகுதி ஒன்று காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்தது. அதனை இயக்கிய கணினி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி வந்தது. நமது பதின்மக் கணக்கிலே மூன்றில் ஒன்றை எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவின்றிச் செல்வதுபோல, கணினியின் இருமக் கணக்கிலே பத்தில் ஒன்று முடிவின்றிச் செல்லும். எங்கேனும் ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டியதனால் உண்டான பிழை மிக மிகச் சிறியது. ஆனால் தொகுதி நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தப்படாமல் ஓடியபோது, அச்சிறு பிழை சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடியாக வளர்ந்தது. வினாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்கும் மேலாகப் பாய்ந்து வரும் ஸ்கட் ஏவுகணையைத் தேடவேண்டிய இடத்தில் தேடாது, வேறிடத்தில் தேடியது கணினி. பெப்ரவரி 25ஆம் நாள் அந்த ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த விடுதியிலே விழுந்து 28 பேர் மாண்டனர்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், "மிக நெடுநேரம் ஓடவிட்டால் குறி பிசகக்கூடும்" என்ற எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே படையினருக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் "மிக நெடுநேரம்" என்பது எத்தனை மணி என்று அதிலே சொல்லப்படவில்லை. இடையிடையே நிறுத்தி மீண்டும் தொடக்கியிருந்தாலே கணக்குப் புதிதாய்த் தொடங்கியிருக்கும். பிழை திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்தது மறுநாள்!

நமது மேசைமீதிருக்கும் யந்திரத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு. விண்டோஸ் 95 என்னும் இயங்குதளத்திலே, நிறுத்தாமல் 49 நாட்களும் சுமார் 17 மணி நேரமும் ஓடினால் கணினி செயலற்றுப் போகும் குறை இருந்தது. மில்லிவினாடிகளை எண்ணும் பெட்டி அந்நேரத்தில் நிரம்பி வழிந்ததே காரணம். அக்குறை 1999ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. இன்றைய இயங்குதளங்கள் எவ்வளவோ திருந்தியவை. எனினும் அவற்றின்மேல் ஓடும் நிரல்கள் எல்லாம் ஒழுங்கானவை அல்ல. சில நிரல்கள் நினைவகத்திலே இடத்தைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த பின்னும் திருப்பிக் கொடுப்பதில்லை. கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடாதவர் பெருகினால் கொடுத்தவர் நிலை என்னவாகும் என்பதைக் கடை வைத்திருக்கும் பெரியவர்கள் நன்கு அறிவர். கணினியும் அவ்வாறே தளர்ந்து மந்தமாகிறது. அதனை மீண்டும் தொடக்கும்போது எல்லாக் கடனும் ஒரே நொடியில் தீர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம். விண்டோஸ் 8 வந்த காலந்தொட்டு, பல கணினிகளில் "ஷட் டவுன்" என்பதை அழுத்தினால் இயங்குதளத்தின் உட்பகுதி முழுவதாக அழிவதில்லை; விரைவில் எழும்பவேண்டும் என்பதற்காக அது சேமித்து வைக்கப்படுகிறது. "ரீஸ்ராட்" என்பதை அழுத்தினாலே உண்மையான புதுத் தொடக்கம் கிடைக்கிறது. ஆகவே தினமும் இரவில் நிறுத்துகிறவரும் வாரம் ஒருமுறை ரீஸ்ராட் செய்தல் நன்று.

இனி உடலுக்கு வருவோம். கணினியின் உடலுக்கு முதற் பகை வெப்பம். உள்ளேயிருக்கும் சில்லுகளில் அசையும் உறுப்பு எதுவும் இல்லாதபடியால் அவை எளிதில் தேய்வதில்லை. தேய்வன, சுழலும் விசிறியும் அதன் தாங்கியும். காய்ந்து போவது, சில்லின் வெப்பத்தை வெளியே கடத்தும் பசை. நமது கரையோரத்தில் இரண்டாவது பகை ஒன்றும் உண்டு. அது உப்புக் காற்று. புத்தளத்து உப்பளங்களுக்கு வாழ்வளிக்கும் அதே காற்றும் வெயிலும்தான் நமது வீட்டு யன்னல் கம்பியை அரிக்கின்றன. ஓடும் மடிக்கணினி விசிறியின் வழியே அக்காற்றை ஓயாது உள்ளே இழுக்கிறது. தூசியும் உப்பும் ஈரமும் ஒன்றுகூடி விசிறியின் வாயிலிலே மெத்தைபோற் படிகின்றன. வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. மெத்தையிலோ தலையணையிலோ வைத்து ஓட்டுபவர் அவ்வாயிலைத் தம் கையாலேயே அடைத்தவராவர்.

இதை நமது மீனவப் பெரியோருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கடலுக்குப் போய் வந்த படகின் யந்திரத்தை நன்னீர் ஓடவிட்டுக் கழுவாமல் எந்தச் சம்மாட்டியாரும் கொட்டிலிலே வைக்கமாட்டார். "நேற்று ஓடியது, நாளையும் ஓடும்" என்று அவர் சொல்வதில்லை. ஆனால் அவருடைய மகனோ பேரனோ தன் மடிக்கணினியின் விசிறி வாயிலை வாங்கிய நாள் முதல் ஒருமுறையேனும் துடைத்துப் பார்த்ததில்லை. படகு யந்திரத்துக்குக் காட்டும் மரியாதையைக் கணினிக்கும் காட்டினால் போதும் என்பதே என் வேண்டுகோள்.

நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே ஆய்வுகூட ஆசிரியர் ஒருவர் இருந்தார். மணி அடித்ததும் நாங்கள் ஓட எத்தனிப்போம். அவரோ, "ஆளியை மட்டும் பார்க்காதே, யந்திரத்தின்மேல் கையை வைத்துப் பார்" என்பார். ஆளி பொய் சொல்லும், சூடு பொய் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. மூடி வைத்த மடிக்கணினி உறங்குகிறது என்று நாம் எண்ணியிருக்க, உள்ளே ஏதோ ஒரு நிரல் விழித்தெழுந்து ஓடிக்கொண்டிருத்தல் உண்டு. புத்தளம் - கொழும்புப் புகையிரதத்திலே பைக்குள் வைத்த மடிக்கணினியைக் கொழும்புக் கோட்டையில் வெளியே எடுத்தபோது அது அடுப்பிலிருந்து இறக்கியதுபோற் கொதித்ததைக் கண்ட மாணவர் இங்கேயும் இருக்கக்கூடும். பயணத்துக்கு முன்பு உறக்கநிலை போதாது. முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவதாக மின்கலம். நெடுநேர ஓட்டத்தினால் பெரிதும் பாதிக்கப்படுவது இதுவே. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லிதியம் அயன் மின்கலம். 1991ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த இதனை உருவாக்க வழிவகுத்த குடினஃப், விற்றிங்ஹாம், யொஷினோ என்னும் மூவருக்கும் 2019ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. "மின்னேற்றியைக் கழற்றாவிட்டால் மேலும் மேலும் ஏறி வெடித்துவிடும்" என்று பெரியவர்கள் அஞ்சுவர். அது அப்படியன்று. நிரம்பியதும் ஏற்றத்தை நிறுத்தும் காவலன் உள்ளேயே உண்டு. தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. நூற்றுக்கு நூறு நிரம்பிய நிலையிலேயே, அதுவும் சூட்டிலே, மின்கலம் நாட்கணக்காய் இருப்பதுதான் தீங்கு. அந்நிலையில் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. வெப்பம் பத்துப் பாகை செல்சியசு உயர்ந்தால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பாடசாலையில் நாம் படித்த விதி. நமது ஊர்ப் பகல் வெப்பமே முப்பதைத் தாண்டும். ஓடும் மடிக்கணினியின் வயிறோ அதற்கும் மேல்.

சிதைவினால் வாயு உண்டானால் மின்கலம் வீங்கும். மடிக்கணினி மேசையிலே சமமாக இராமல் ஆடுகிறதா, தொடுபலகை மேலெழும்புகிறதா, மூடி சரியாகப் பொருந்தவில்லையா? அது மின்கலம் விடுக்கும் கடைசி எச்சரிக்கை. அதனை அமுக்கவோ குத்தவோ கூடாது. மின்னேற்றம் செய்யவும் கூடாது. தெரிந்த தொழிலாளியிடம் கொடுத்து அகற்றவேண்டும். குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது. 2006ஆம் ஆண்டிலே டெல் நிறுவனம், தீப்பற்றும் அபாயம் கண்டு, 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே பெரியவர்களின் அச்சம் வெறும் அச்சமன்று. கிடுகு வேலியும் ஓலைக் கூரையும் உள்ள தென்னந்தோட்டத்து வீடுகளில், வீங்கிய மின்கலத்தோடு மெத்தைமேல் இரவு முழுவதும் கணினியை ஓடவிடுதல் எத்தனை பெரிய துணிச்சல் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நான்காவதாக மின்சாரம். திரை எரிய, கடும் வேலை எதுவும் இன்றி இருக்கும் மடிக்கணினி சராசரி 15 வாற்று உண்ணும் என்று கொள்வோம். இரவு பகலாக முப்பது நாள் ஓடினால் ஏறத்தாழ 11 அலகு. நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் ஓடினால் மூன்று அலகுக்கும் குறைவு. வித்தியாசம் எட்டு அலகு. எட்டு அலகுதானே என்று சொல்லிவிட முடியாது. வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஓர் எல்லைக்கோடு. அதனைக் கடந்த வீட்டுக்கு, கடந்த அலகுகளுக்கு மட்டுமன்றி, முதல் அலகிலிருந்தே வேறு விகிதம். 55 அலகிலே சிக்கனமாய் நின்ற குடும்பம், யாரும் பார்க்காத ஒரு திரை எரிந்ததனால் அந்தக் கோட்டைத் தாண்டலாம் அல்லவா?

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாட்டின் மின்சாரத்தில் பெரியதொரு பங்கு நமது கரையிலேயே, கற்பிட்டிக் குடாநாட்டு நுரைச்சோலையிலே பிறக்கிறது. 2011ஆம் ஆண்டில் முதலாவது யந்திரமும் 2014ஆம் ஆண்டுக்குள் மற்ற இரண்டும் சேர்ந்து, ஒவ்வொன்றும் 300 மெகாவாற்றாக, மொத்தம் 900 மெகாவாற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலே கடல் கொந்தளிப்பதனால் நிலக்கரி இறக்க இயலாது. ஆகவே முன்கூட்டியே மலைபோற் குவித்து வைக்கிறார்கள். ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி வேண்டும். ஒரு வீட்டின் வீணான எட்டு அலகு மூன்று கிலோ நிலக்கரி. நூறு வீடுகளில் முந்நூறு கிலோ. அதன் சாம்பலும் புகையும் பிறர் ஊருக்குச் செல்வன அல்ல. அவை நம் ஊருக்கே உரியவை.

ஓயாது ஓடவே பிறந்த அந்த நுரைச்சோலை யந்திரங்களைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலே, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியோடு மோதியதனால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் அறிவித்தார். அன்று நின்றுபோன நுரைச்சோலை யந்திரங்களை மீண்டும் எழுப்ப நாட்கள் சில சென்றன. இடைப்பட்ட நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டை நாம் அனைவரும் அனுபவித்தோம். எதிர்பாராது நிறுத்தினால் அத்தனை துன்பம் தரும் யந்திரத்தைக்கூட, பொறியியலாளர்கள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நிறுத்திப் பழுதுபார்க்கிறார்கள். தானாக நின்றுபோவது விபத்து. நாமாக நிறுத்துவது பராமரிப்பு. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே.

வானத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1977ஆம் ஆண்டிலே ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் விண்மீனிடை வெளியிலே இன்னும் பயணம் செய்கின்றன. ஏவிய நாள் தொட்டு அவற்றின் கணினிகள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆயின் அவற்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு வாற்று மின்சாரம் குறைந்து வருகிறது. அறிஞர்கள் செய்தது யாது? தேவை குறைந்த கருவிகளை ஒன்றொன்றாக நிறுத்தினார்கள். நிறுத்த வேண்டியதை நிறுத்தியதனாலேயே ஓடவேண்டியது அரை நூற்றாண்டாக ஓடுகிறது.

அன்பர்களே! "நெடுநேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தஹ்ரானுக்கு அனுப்பிய எச்சரிக்கைபோல் ஆகிவிடும். ஆகவே எண்ணோடு சொல்கிறேன்.

ஓரிரு மணி நேரம் எழுந்து செல்வதானால் ஸ்லீப் என்னும் உறக்கநிலை போதும். இரவானால் ஹைபர்னேற் என்னும் ஆழ்துயில் அல்லது முற்றான நிறுத்தம் வேண்டும். ஆழ்துயிலிலே வேலைகள் தட்டிலே எழுதி வைக்கப்பட்டு மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வாரம் ஒருமுறை ரீஸ்ராட். எப்போதும் மின்னேற்றியோடு இருப்பதானால், நூற்றுக்கு 80இல் ஏற்றத்தை நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு. அதைத் தேடிப் பொருத்துக. மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் பாதி ஏற்றத்தோடு உலர்ந்த இடத்தில் வைத்து இடையிடையே எடுத்துப் பார்க்கவேண்டும். பூட்டியே வைத்த யந்திரத்தையும் கடற்காற்றின் ஈரம் சும்மா விடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியின் தூசியை அகற்றவேண்டும். சித்திரை மாதத்து மாலை இடியிலும் ஐப்பசி கார்த்திகை இடியிலும் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

பெரிய கணக்கோ நீண்ட பதிவிறக்கமோ செய்யவேண்டி இரவு முழுவதும் ஓடத்தான் வேண்டுமா? தாராளமாக ஓடட்டும். ஓடுவதற்காகவே செய்யப்பட்டது அது. ஆனால் கடினமான மேசைமேல், சற்று உயர்த்தி, திரையை அணைத்து, துணியும் கடதாசியும் அருகில் இல்லாமல் ஓடட்டும். செய்த வேலையின் பிரதி ஒன்று வேறிடத்திலும் இருக்கட்டும். யந்திரத்தை மறுபடி வாங்கலாம். மூன்றாண்டு எழுதிய ஆய்வை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை எழுந்து சென்ற நேரத்தில் கணினி ஓடக் கண்டால், ஆளியை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடாதீர்கள். அதனுள்ளே அவன் சேமிக்காத ஓர் இரவின் உழைப்பு இருக்கக்கூடும். "தம்பி, இது வேலை செய்கிறதா, சும்மா எரிகிறதா?" என்று கேளுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அக்கேள்விக்குச் சினக்காமல் உண்மையான மறுமொழி சொல்லுங்கள். வேலை செய்கிறதென்றால் விளக்குங்கள். சும்மா எரிகிறதென்றால் எழுந்து போய் நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு மறுமொழியும் வழக்கமாகிவிட்டால், அடகுக் கடையிலிருந்து சங்கிலி மீண்டு வரும்வரையிலாவது, அதன் பின்னும் பல்லாண்டு காலம், நமது வீட்டு மடிக்கணினி நமக்கு உழைக்கும்.